கட்டைவிரலுக்கு மேலே ஏழு வரிகள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு இல்லை. போனில் பேசக் கூடாதா என்று நீ எப்போதும் கேட்கிறாய். காலையிலிருந்து காது சோதனை அறைக்குள் உட்கார்ந்து, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, கேட்டா கையைத் தூக்குங்க" என்று பாடுகிறவள், வீட்டுக்கு வந்தும் ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டுமா? எனக்குக் கடிதம் போதும். அதில் 'பீப்' கிடையாது.

அம்மாவின் பீரோவை யார் வைத்துக்கொள்வது என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே கூடத்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தினம் இடித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர். கூடவே மனைவி. "இவர்கிட்ட கத்திக் கத்தி என் தொண்டை போச்சும்மா. இவருக்குக் காது மாட்டுறப்போ எனக்கும் ஒரு தொண்டை மாட்டிவிடுங்க" என்றார் அந்த அம்மாள். கருவியைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். வழக்கமாக எல்லோரும் முதலில் கூட வந்தவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இவர் என் மேஜையைப் பார்த்தார்.

"என்னம்மா சத்தம் அது?" என்றார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி கேட்டார். பிறகுதான் புரிந்தது. நான் அவருடைய அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எழுதினா சத்தம் வருமா?"

"வருமே."

"இன்னொரு தடவை எழுதுங்க."

அவர் பெயரை நாலு தடவை எழுதிக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எம் பொண்ணு ஸ்கூல் படிக்கிறப்போ பக்கத்துல உக்காந்து எழுதுவா. அப்பவும் இந்தச் சத்தம் வந்திருக்கும்ல? நான் கேட்டதே இல்ல. இப்போ அவ என்கூடப் பேசறதும் இல்ல." மனைவி அவர் முழங்கையை இடித்தார். எனக்கு அட்டையைப் பார்த்துக் குனிந்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். போன சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு எனக்கு நானே சோதனை செய்துகொண்டேன். இடது காதில் மெல்லிய சத்தங்கள் போய்விட்டன. வலது காதை வைத்துச் சமாளிக்கிறேன். கருவிகளை நாங்கள் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மேலாளருக்குத் தெரிந்தால் என்னை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டார். சொல்லிவிடவா, கொஞ்ச நாள் தள்ளவா? பயமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

பேருந்து ஓட்டுநரை மூன்று தடவை படித்தேன். "எழுதினா சத்தம் வருமா?" என்ற ஒரு வரிக்கே உனக்கு மாலை போடலாம். இதுபோல இன்னும் எழுது. அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுது, அதில்தான் உயிர் இருக்கிறது. போன வருஷம் ஒரு தையற்கார அம்மாள் வந்ததாகச் சொன்னாயே, அவர் கதையை முழுதாக எழுதவே இல்லை. அதையும் எழுது.

என் பிழைப்பு எப்போதும்போல மாடிக்கும் மாடிக்கும் நடுவேதான். இந்த வாரம் ஒரு மருத்துவமனை லிஃப்டைப் பழுதுபார்க்கிறேன். மூன்றாம் மாடியில் கதவு முக்கால்வாசி மூடிவிட்டு யோசிக்கும். என்னைப் போல.

மற்றபடி என் பொழுதெல்லாம் அந்த வலைதளத்தில்தான். நீ அந்தப் பக்கமே வருவதில்லை, அதனால் சொல்கிறேன். அதற்குத் தலைமை அலுவலகம், முதலாளி எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன சர்வர்கள், ஒவ்வொன்றையும் ஒரு காப்பாளர் பார்த்துக்கொள்வார். ஒரு சர்வரில் எழுதினால் மற்றதெல்லாம் போய்ச் சேரும். எங்கள் சர்வரில் தொள்ளாயிரம் பேர். காப்பாளர் உன் தம்பி. சம்பளம் இல்லை, திட்டு மட்டும் உண்டு.

இப்போது ஒரு தலைவலி. எங்களிடம் ஒருவர் ஞாயிறுதோறும் சின்னக் குறிப்புகள் எழுதுவார், நல்ல கை. அவர் எழுதுவதை வேறொரு சர்வரில் 'சாம்பல்பூனை' என்ற பெயரில் ஒரு ஆள் அப்படியே எடுத்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். வெட்கம் மானம் இல்லாத ஜென்மம். மேலே போய்ப் புகார் சொல்ல யாரும் இல்லாத இடம் என்பதால் அந்த சர்வரின் காப்பாளரிடம்தான் மல்லுக்கட்ட வேண்டும். விதி இருக்கிறது: புகார் சொல்கிறவர், பதிவுக்கு முந்தைய கையெழுத்துப் பிரதியை எல்லோரும் பார்க்கும்படி போட்டுக் காட்ட வேண்டும். அந்த விதியை எழுதியதே நான்தான். பதினேழு சர்வர்கள் அதை ஏற்றிருக்கின்றன. விடமாட்டேன், பார்.

சீக்கிரம் எழுது.

தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. உனக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கும். பரவாயில்லை, மறுபடி கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

தையற்கார அம்மாள் கதை இப்போது எழுத வரவில்லை.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

கோபமா? நீ கேட்டது பீரோ விஷயம்தானே? அதற்கா இவ்வளவு! தாராளமாக நீயே வைத்துக்கொள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக. வழியில் நிற்கிறது என்றால் சுவரோரம் தள்ளி, காலுக்கு அட்டை வை.

அந்தச் சாம்பல்பூனை விவகாரம் முற்றிக்கொண்டே போகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தையற்கார அம்மாளை மறக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் வரவேற்பில் இருக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க எழுத்துதானே? தினம் அட்டையில பாக்கறேனே" என்றாள்.

என் எழுத்துதான். பிப்ரவரிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம். 'தம்பிக்கு' என்பது முதல் பக்கத்தில் இருந்ததால் அதை நீ எடுக்கவில்லை. இரண்டாம் பக்கத்தின் கீழே 'அக்கா' என்று இருந்த இடத்தில் ஒரு கட்டைவிரல். லிஃப்ட் கதவில் நசுங்கி நகம் இரண்டாகப் பிளந்த கட்டைவிரல் உலகத்தில் எத்தனை இருக்கும்? அதற்கு மருந்து போட்டவளே நான்தானே.

அந்தப் பெண் இரண்டு வருஷமாக, உன் வலைதளத்தில் 'காதுக்காரன்' என்ற பெயரில் வருவதைப் படிக்கிறாளாம். நம் தொழில்காரர் என்று எங்கள் ஊழியர்கள் பாதிப் பேர் படிக்கிறார்களாம். உட்கார்ந்து எல்லாவற்றையும் கீழே தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் என் அறை, என் நாற்காலி, என் ஆட்கள். 'இன்று என்னிடம் ஒரு பெரியவர் வந்தார்.' உன்னிடமா வந்தார்? எந்த மாடியில் மாட்டிக்கொண்டு?

கதையைத் திருடினாய் என்பதுகூடப் பெரிதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உன் விரலுக்கு மேலே ஏழு வரிகள் இருந்தன. நான் இந்த உலகத்தில் ஒருவனிடம் மட்டும் சொன்ன ஏழு வரிகள். அதற்கு மார்ச் முழுவதும் பதில் எதிர்பார்த்துத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். நீ எனக்குப் பீரோவைத் தாராளமாகக் கொடுத்தாய். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நீ என் கடிதங்களைப் படிக்கவே இல்லை. பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிட்டாய்.

மேலாளர் மதியமே கூப்பிட்டார். அவர் கையிலும் அந்தப் படம்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எப்படி எழுதினாலும் நியாயம் சொல்வதுபோல வருகிறது. என்னிடம் நியாயம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ எழுதிய ஒரு விஷயத்தைப் பதிவாகப் போட்டேன். 'என் அக்கா எழுதுகிறாள்' என்றுதான் ஆரம்பித்தேன். சத்தியமாக. அங்கே ஒரு பதிவுக்கு ஐந்நூறு எழுத்துதான். பத்துப் பதினைந்து எழுத்து அதிகமாகிவிட்டது. உன்னுடைய வரிகளில் எதையும் வெட்ட மனம் வரவில்லை. அதனால் உன்னை வெட்டினேன்.

"நீங்க காது டாக்டரா சார்?" என்று ஒருவர் கேட்டார். ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இல்லை என்று எழுத அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷத்தை இரண்டு வருஷமாக எழுதவில்லை. லிஃப்ட்காரனை யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை அக்கா, மாடி எண்ணைத்தான் பார்ப்பார்கள். அங்கே பதினோராயிரம் பேர் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். காரணம் அவ்வளவுதான், சொல்லவே கேவலமாக இருக்கிறது.

நான் உனக்கு எழுதிய அந்த 'நல்ல கை' நான்தான். சாம்பல்பூனை எடுத்தது என்னிடமிருந்து. ஓட்டுநரை மில் தொழிலாளியாக மாற்றி, பேனா சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த சர்வரின் காப்பாளருக்கு, 'என் இரண்டு வருஷ உழைப்பு' என்று எழுதினேன். கை கூசவில்லை. அவர் ஓய்வுபெற்ற நூலகர், நிதானமான அம்மாள். "உங்கள் விதிதானே? கையெழுத்துப் பிரதியைக் காட்டுங்கள்" என்று மட்டும் பதில் எழுதினார்.

என்னிடம் இருந்த ஒரே பிரதி உன் கடிதம். திருடவில்லை என்று நிரூபிக்கத் திருடிய பொருளையே எடுத்து வெளியே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபடி பழுதான அந்த மருத்துவமனை லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு எடுத்த படம். பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடினேன். 'அக்கா' கண்ணில் பட்டது, விரலை வைத்தேன். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்று மட்டும் இல்லை, பிப்ரவரியிலும் பார்க்கவில்லை. ஓட்டுநர் முடிந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். நீ சொன்னது சரிதான்.

சாயங்காலம் கீழே இறங்கியபோது அந்த நூலகர் அம்மாளின் செய்தி இருந்தது. "ஐயா, கடைசி வரிகளைப் படித்தீர்களா? இது உங்கள் காதா?" அப்போதுதான் படித்தேன். அந்த மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். உன் தம்பி உன் கடிதத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தது அங்கேதான்.

உடனே அழித்தேன். ஆனால் நான் அழித்தால் என் சர்வரில்தான் நிச்சயமாக அழியும். மற்ற சர்வர்களுக்கு 'அழியுங்கள்' என்று ஒரு வேண்டுகோள்தான் போகும், கேட்பதும் கேட்காததும் அவர்கள் இஷ்டம். அதற்குள் பலர் படத்தைத் தனியாக எடுத்து மறுபடி போட்டிருந்தார்கள். கணக்கெடுத்தேன், அறுபத்துமூன்று சர்வர்கள். ஒவ்வொரு காப்பாளருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. மேலாளர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

மேலாளர் கத்தவில்லை. "ரெண்டு மாசமா ஏன்மா சொல்லல?" என்று கேட்டார். இப்போது வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். வெளியே ஒரு மருத்துவர் என் காதைச் சோதித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்ற முடிவு. அந்தப் பெண் எனக்கு டோக்கன் கொடுப்பது எப்படி என்று சொல்லித் தருகிறாள், என்னைவிட இருபது வயது சின்னவள். நான் இல்லாத அந்தச் சோதனை அறையின் கதவு திறந்து மூடும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருக்க முடியாது. மார்ச்சில் இரண்டு கருவிகள் 'இரையுது' என்று திரும்பி வந்தன. இரண்டும் நான் கேட்டுப் பார்த்துக் கொடுத்தவை. ஒன்று ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுடையது. பத்து நாள் அவள் அந்த இரைச்சலோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது கேட்கவில்லை. சொல்லிவிடவா என்று உன்னிடம் கேட்டுவிட்டு, நீ பதில் எழுதவில்லை என்று சாக்கு வைத்துக்கொண்டு தள்ளினேன். பதில் உன்னிடம் இல்லை, எனக்கே தெரியும்.

ஓட்டுநர் வந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் உன் பதிவைப் படித்துக் காட்டியிருக்கிறார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். மேஜைக்கு எதிரில் நின்று, "பொண்ணு விஷயத்தை நான் உங்ககிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்" என்றார். எழுந்து நின்றேன். அவருடையதை எடுத்து உனக்குக் கொடுத்தது நான்தானே. கடிதம்தானே, வீட்டுக்குள்தானே என்று நினைத்துக்கொண்டு எல்லோருடையதையும் எழுதினேன். நீ செய்ததில் முதல் பாதியைச் செய்தவள் நான். கருவி கேட்கிறதா என்று கேட்டேன். "நல்லாக் கேக்குது, அதான் எல்லாம் காதுல விழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் இனி யாரைப் பற்றியும் எழுதுவதாக இல்லை. உனக்கும் எழுதத் தோன்றவில்லை. அறுபத்துமூன்று என்னாயிற்று என்று மட்டும் தெரிவி.

அக்கா

*

மே 6

அக்கா,

அறுபத்துமூன்றில் நாற்பத்தெட்டு அழித்துவிட்டார்கள். ஒன்பது பேரிடமிருந்து பதில் இல்லை. நாலு பேர், நீயாக வெளியே போட்டதை இப்போது ஏன் மறைக்கச் சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். இரண்டு சர்வர்களில் காப்பாளரே கிடையாது. ஆள் எப்போதோ போய்விட்டார், இயந்திரம் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் உன் ஏழு வரிகள் இருக்கும். பதினைந்து இடத்தில். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இவ்வளவுதான்.

ஒவ்வொரு காப்பாளருக்கும் எழுதும்போது காரணம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் மூன்று பேருக்கு, 'தவறுதலாகப் போட்டுவிட்டேன்' என்று எழுதினேன். நாலாவது ஆளுக்கு அப்படி எழுத விரல் வரவில்லை. 'இது என் அக்காவின் கடிதம், கேட்காமல் எடுத்தேன், இரண்டு வருஷமாக எடுத்தேன்' என்று எழுதினேன். பிறகு முதல் மூன்று பேருக்கும் திருத்தி எழுதினேன். காதுக்காரன் பதிவுகள் அத்தனையையும் அழித்தேன், ஓட்டுநருடையதுதான் முதலில். நடந்ததை எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன், உன் பெயரோ ஊரோ இல்லாமல். காப்பாளர் பொறுப்பையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். தொள்ளாயிரம் பேரில் முந்நூறு பேர் வேறு சர்வருக்குப் போய்விட்டார்கள்.

சாம்பல்பூனை ஒரு வரி அனுப்பினான். "அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் கை வெச்சிருக்கோம், எனக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உன் பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதை முன்னால் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து எழுதுகிறேன்.

பத்து நாள் பதில் எழுதாததற்கு நீ சோம்பல் என்றாய். எனக்கு அது பொய் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பத்து நாளும் நீ எதை எப்படி எழுதுவது என்று யோசித்திருக்கிறாய். போன் ஆகாது என்று நீ விளையாட்டாகச் சொன்னாய் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக நான் கூப்பிடும்போது "என்னது? என்னது?" என்று கேட்பாய், சிக்னல் சரியில்லை என்று நான் சலித்துக்கொண்டு வைத்துவிடுவேன். பீரோவை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளலாம், நீ தனியாகத் தள்ளாதே. ஓட்டுநரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவர் எனக்குச் சொன்னவர் இல்லை.

சொல்லிவிடவா என்று கேட்டாய். சொல்லிவிடு அக்கா. அன்றே சொல்லிவிடு. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், அந்த மேலாளர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், நீ உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வா. பயமாக இருக்கிறது என்று எழுதினாய். எனக்கும் பயமாக இருக்கிறது. இதைப் பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்க இருபத்தொன்றாம் தேதி என்று வரவேற்பில் இருக்கும் அந்தப் பெண் சொன்னாள். ஆமாம், அங்கே போன் செய்தேன், நீ எடுத்துவிடுவாயோ என்று பயந்துகொண்டேதான். வரட்டுமா? வா என்று நீ சொன்னால்தான் வருவேன். வந்தால் காத்திருக்கும்போது உனக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

தம்பி

*

மே 13

தம்பிக்கு,

வா. என் வலது பக்கம் உட்கார்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. தனியாகப் போக வேண்டாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

வரும்போது நான் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. பீரோ காலியாகத்தான் இருக்கிறது, பூட்டும் நன்றாக விழுகிறது. பதினைந்து இடத்திலிருந்து உன்னால் எடுக்க முடியாது. உன் வீட்டிலிருந்து எடுக்க முடியும். ஒன்றுகூட அங்கே இருக்க வேண்டாம். இதையும் சேர்த்து.

அக்கா